கோழிக்குப் பார்க்கிற தண்ணீரை வீட்டுக்கு யார் பார்ப்பது?

பல்லடம் மழைக்குப் பேர்போன ஊர் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற மேட்டு நிலம். வருடத்துக்கு 60 சென்டிமீட்டரை ஒட்டி மழை பெய்தாலே தோட்டத்துக்காரர்கள் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். ஆனி, ஆடியில் மேகம் தலைக்கு மேலே ஓடும். காற்று மட்டும் இறங்கும். அந்தக் காற்றை நம்பித்தான் சுற்றுவட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அப்பேர்ப்பட்ட ஊரில் வீட்டுச் சுவர் ஏன் நனைகிறது?

நனைகிறது. தாராபுரம் சாலை, மங்கலம் சாலை, அருள்புரம், காரணம்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் இருபது, இருபத்தைந்து வருட வீடுகளில் ஒரே காட்சி. ஹாலின் உள்சுவர் தரையிலிருந்து முட்டிக்கால் உயரத்துக்கு நிறம் மங்குகிறது. பிறகு பெயின்ட் அப்பளம்போல உப்பி எழும்புகிறது. விரலால் தட்டினால் பட்டியும் பூச்சும் மாவாகக் கொட்டுகின்றன. உள்ளே செங்கல்லின் மேல் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் சும்மா இருக்கும். பூப்பது மாசி, பங்குனியில். “வருசா வருசம் தீவாளிக்குப் பெயின்ட் அடிக்கறமுங்க. வெயிலு ஆரம்பிச்சா மறுபடி பூத்துக்குதுங்க” என்பதுதான் வீட்டம்மாக்கள் பலரும் சொல்கிற புகார். மழைத் தண்ணீர் மேலிருந்து இறங்கியிருந்தால் மழையிலேயே தெரிந்திருக்கும். வெயிலில் பூக்கிறது என்றால் தண்ணீர் கீழே நிரந்தரமாக இருக்கிறது என்று அர்த்தம். செங்கல்லின் நுண்துளைகள் அதை மேலே இழுக்கின்றன. வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்கி எடுத்துக்கொண்டு, அதில் கரைந்திருந்த உப்பைச் சுவரிலேயே விட்டுவிடுகின்றன. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக இந்த ஏற்றுமதி நடக்கும். மழை குறைந்த ஊரின் சுவர்தான் இந்த விஷயத்தில் அதிகம் பாடுபடுகிறது.

தரைக்குக் கீழே நிரந்தரமாகத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நிலத்தடி நீர் இல்லை. பல்லடம் வட்டாரத்தில் போர் போட்டால் பல நூறு அடி போயும் புகை மட்டும் வருகிற இடங்கள் இருக்கின்றன. சுவரை நனைப்பது வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கி, கரன்ட் செலவு செய்து ஏற்றிய தண்ணீரேதான்.

டைல்ஸுக்கு அடியில்

பனியன் ஏற்றுமதி ஓடிய 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் இங்கே கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. பைப்தான். தெருவிலிருந்து வரும் குடிநீர் இணைப்பு போர்டிகோவுக்கு அடியில் ஓடி சம்ப்புக்குப் போகும். போர் தண்ணீர் லைன் இன்னொரு பக்கம் தரைக்குள் நுழைந்து மாடித் தொட்டிக்கு ஏறும். பாத்ரூம், சமையலறைக் கழிவு இன்னொரு லைன். மூன்றும் ஓரிடத்தில் ஒன்றையொன்று தாண்டும். அது எந்த இடம் என்று அன்று வேலை செய்த பிளம்பருக்கு மட்டும் தெரியும். அவர் இப்போது பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பார்.

அப்படி ஒரு ஹாலில் டைல்ஸை வெட்டி எடுத்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். டைல்ஸுக்குக் கீழே இரண்டு அங்குல சிமென்ட் கலவை. அதற்குக் கீழே கிராவல் மண் கறுத்து, பிடித்தால் உருண்டையாக வந்தது. சாக்கடை நாற்றம் இல்லை, துருவின் வாடை மட்டும். பைப்பின் மேல்தோல் செங்காவி நிறத்தில் பொருக்கு பொருக்காக நின்றது. பிளம்பர் ஸ்பேனரின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டினார். ஒரு பொருக்கு உதிர்ந்தது. அந்த இடத்திலிருந்து ஊசி போலத் தண்ணீர் பீய்ச்சியது. அறுத்து எடுத்த முக்கால் அங்குலத் துண்டின் உள்ளே சுண்டுவிரல் போகவில்லை. உட்சுவர் முழுக்கத் துருவின் குமிழ்கள். ஒரு குமிழை ஸ்குரூடிரைவரால் கெல்லினால் அடியில் கறுப்பாக ஒரு குழி. அந்தக் குழிதான் பைப்பைக் கொல்வது.

அந்தக் குழி ஆழமாவதன் கணக்கு எளிது. குமிழுக்கு வெளியே ஓடும் தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறது, குமிழுக்கு அடியில் இல்லை. இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம். ஆக்சிஜன் இல்லாத பக்கம் இரும்பு கரைகிறது. கரையும் இரும்பை ஈடுகட்டத் தண்ணீரிலுள்ள குளோரைடு குழிக்குள் வந்து சேர்கிறது, குழி அமிலமாகிறது, இன்னும் வேகமாகக் கரைகிறது. குளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீருக்கு இந்த வேலை கைவந்த கலை.

ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. இரும்புக்குப் பதிலாகத் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பது துத்தநாகத்தின் சுபாவம். ஆனால் அந்தப் பூச்சு தீர்ந்துபோகும். மரை போட்ட இடத்திலோ அது முதல் நாளே இல்லை: டை வைத்து மரை வெட்டும்போது துத்தநாகமும் போகிறது, பைப்பின் கனத்தில் பாதியும் போகிறது. எந்த வீட்டிலும் முதல் ஒழுக்கு எல்போவிலும் டீயிலும் வருவதற்குக் காரணம் இது. மஞ்சள் பட்டை போட்ட லேசான ஏ கிளாஸ் பைப்பா, நீலப் பட்டை போட்ட பி கிளாஸா, சிவப்புப் பட்டை போட்ட கனமான சி கிளாஸா என்பதும் பெரிய வித்தியாசம். தரைக்குள் போவது யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் மஞ்சள் பட்டைதான் பல வீடுகளில் போயிருக்கிறது.

இன்னொரு சங்கதி கட்டட வேலையில் ஊறியவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் மண்ணுக்குள் இருக்கும் பைப்பும் எங்கேயாவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால், மண்ணிலுள்ள பைப்தான் கரையும். காரத்தன்மையுள்ள கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருக்கும். அதற்கான விலையைப் பைப் கொடுக்கும். பைப் பில்லரை ஒட்டி மண்ணுக்குள் இறங்குகிற அந்த ஓரடியில் அரிப்பு அதிகமாக இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுவே.

எர்த் குழியையும் மறந்துவிடக்கூடாது. ஒரு ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லி எலக்ட்ரீசியன் போய்விடுவார். எர்த்துக்கு அது நல்லது. ஆனால் கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கவேண்டிய குழி, இடம் இல்லாததால் கடக்காலை ஒட்டியே தோண்டப்படுகிறது. சுவரடியில் நாமே மூட்டை உப்பைப் புதைத்து, நாமே தண்ணீரும் ஊற்றுகிறோம்.

நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் பைப்பை யாரும் ஒழுக்கு என்றே சொல்வதில்லை. அது நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல். லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் அந்தச் சொட்டு வீட்டின் வயிற்றில் இறக்குவது மூன்று கிலோ உப்பு. பத்து வருடம் யாருக்கும் தெரியாமல் சொட்டியிருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பார்க்கத் தெரிந்த ஊர்

தண்ணீரைப் பற்றித் தெரியாத ஊராக இருந்தால் மன்னித்துவிடலாம். பல்லடம் அப்படி இல்லை. இங்கே பிழைப்பே தண்ணீரைச் சோதித்துத்தான் நடக்கிறது.

சைசிங் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் இடம். அங்கே நீராவி இல்லாமல் எதுவும் ஓடாது. பாய்லருக்குப் போகும் தண்ணீரில் கடினத்தன்மை எவ்வளவு என்று பார்க்காமல் ஒரு ஷிப்ட் ஓட்டமாட்டார்கள். குழாயில் உப்புப் படிந்தால் விறகுச் செலவு ஏறும், பாய்லரும் போகும். சாயப்பட்டறைக்காரருக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் இரும்பு கொஞ்சம் கூடினாலும் கடினத்தன்மை கூடினாலும் நிறம் மாறும், ஆர்டர் ரிஜெக்ட் ஆகும்.

பிராய்லர் பண்ணைக்கு வாருங்கள். தமிழ்நாட்டின் கறிக்கோழி விலையைப் பேசுகிற ஊர் இது. குஞ்சு இறக்கும் முன்பு தண்ணீரின் உப்பு, பி.எச்., கிருமி மூன்றையும் பார்ப்பது வழக்கம். நிப்பிளில் துரு அடைத்தால் குஞ்சுக்குத் தண்ணீர் போகாது, எடை ஏறாது. ஆறு வாரம்கூடப் பண்ணையில் இருக்காத கோழிக்கு இத்தனை கவனிப்பு. அதே பண்ணைக்காரர் மூன்று தலைமுறைக்கென்று வீடு கட்டும்போது, பண்ணைக்குப் பின்னாலுள்ள போரில் ஒரு ஹோஸைப் போட்டு கான்கிரீட் கலவைக்கும் கியூரிங்குக்கும் தண்ணீர் விடச் சொல்கிறார். சோதனை? “தண்ணி நல்லாத்தானுங்க இருக்குது, மாடு குடிக்குதே.”

லாபம் ஈட்டும் தண்ணீரைச் சோதிக்கிறோம். குடியிருக்கும் தண்ணீரைச் சோதிப்பதில்லை. பூத்த சுவருக்கும் உளுத்த பைப்புக்கும் அடியிலுள்ள கோளாறு இதுதான் என்பது என் எண்ணம். பெயின்ட், பிளம்பர், மேஸ்திரி எல்லாம் பிறகு.

இது பல்லடத்துக்கு மட்டுமான குணமும் இல்லை. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க டெட்ராய்ட் தண்ணீரை விட்டுவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது. ஆற்றில் குளோரைடு அதிகம். அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்க்கவில்லை. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போனார்கள். அதிகாரிகள் பாதகமில்லை என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் தொழிற்சாலைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வேறு இணைப்புக்கு மாறிக்கொண்டது. எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்பதே காரணம். வீடுகளுக்கு அதே தண்ணீர் மேலும் ஒரு வருடம் போனது. பழைய ஈயக் குழாய்களிலிருந்து கரைந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் தெரிந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எஞ்சினுக்கு ஆகாதது வீட்டுக்கு ஆகும் என்ற அந்த நினைப்புக்கும், பாய்லருக்கு ஆகாதது பில்லருக்கு ஆகும் என்ற நம் நினைப்புக்கும் அதிக தூரம் இல்லை.

சாயம் போட்ட உப்பு

திருப்பூர்ப் பகுதியில் உப்பு என்று பேச்செடுத்தால் நொய்யல் ஆற்றுக்குப் போகாமல் முடியாது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை போடுவார்கள். கடல்நீரில் இருப்பதே 35 கிராம்தான். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே வெளியே வரும். பல ஆண்டுகள் அது நொய்யலுக்குப் போனது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, கரையோரக் கிணறுகளில் இறங்கியது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2009-ல் கழிவு வெளியேற்றமே கூடாது என்பதை உறுதிசெய்தது. அதை நிறைவேற்றாததால் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு உப்பு நீரைச் சுத்திகரித்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தும் முறைக்கு வழிகாட்டியவற்றில் ஒன்று, பல்லடம் சாலையிலுள்ள அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையம்.

ஆனால் தன் வீட்டுச் சுவர் பூத்ததற்கு உடனே சாயப்பட்டறையைக் கைகாட்டுவது எல்லா இடத்திலும் நியாயமாகாது. பல்லடம் நகரம் நொய்யல் கரையில் இல்லை. இந்தப் பூமியின் பாறையும் சுக்கான்கல்லும் காலங்காலமாகவே தண்ணீரை உப்பாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆழம் போகப் போக உப்பு கூடுவதையும் போர் போட்ட எல்லோரும் அறிவார்கள். செங்கல் சூளை மண்ணிலேயே உப்பு இருப்பதும் உண்டு. ஆற்றங்கரை ஊர்க்காரருக்குச் சாய உப்பைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு. மேட்டு நில வீட்டுக்காரர் முதலில் தன் போரைப் பார்க்க வேண்டும்.

உப்பில் குளோரைடு பைப்புக்கும் கம்பிக்கும் எமன். சுவருக்கு எமன் சல்பேட். சாயத்துக்குச் சமையல் உப்புக்கு மாற்றாகப் போடும் கிளாபர் உப்பு சோடியம் சல்பேட்தான். 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் கிளாபர் பெயரில் வழங்குவது. தண்ணீர் சேராத நிலையில் இது வெறும் தூள். தண்ணீர் சேர்ந்தால் ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ நாலு மடங்கு இடத்தை அடைத்துப் படிகமாகிறது. கரைசலில் இந்த இரண்டு நிலைக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோடு 32.4 டிகிரி செல்சியஸ். பங்குனி மாதத்துப் பல்லடத்தை நினைத்துப் பாருங்கள்: மதியம் அந்தக் கோட்டுக்கு மேலே, விடியற்காலை அதற்குக் கீழே. ஈரமுள்ள சுவரின் நுண்துளைக்குள் ஒவ்வொரு நாளும் உப்பு உருமாற வாய்ப்பு இருக்கிறது. செங்கல்லையும் பூச்சையும் உள்ளிருந்தே நெட்டித் தள்ளுவது அந்தப் படிகம்.

மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஜல்லி காலத்தைத் தாங்குமா என்று ஆய்வகத்தில் பார்ப்பதற்கு வைத்திருக்கும் சோதனையே, சோடியம் சல்பேட் கரைசலில் அதை ஊறவைத்து, காயவைத்து, மறுபடி ஊறவைப்பதுதான். கருங்கல்லை நொறுக்கிப் பார்க்கப் பயன்படுத்தும் சரக்கிடம் வால் பட்டி எம்மாத்திரம்?

லைன் வீட்டின் சுவர்

சொந்த வீட்டுக்காரர் டைல்ஸை உடைக்கலாம், புலம்பலாம், பெயின்ட் அடிக்கலாம். லைன் வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? வரிசையாக எட்டு, பத்து வீடு. ஒரே கூரை, ஒரே பைப். முதல் வீட்டின் தரைக்குள் நுழைந்த லைன் கடைசி வீட்டில் போய் முடியும். நாலாவது வீட்டில் ஒழுகினால் ஆறாவது வீட்டில் சுவர் நனையும். யார் வீட்டுத் தரையை உடைப்பது என்பதில் தகராறு. தென் மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் தறிக்கும் பனியனுக்கும் வந்த குடும்பங்கள் பாயை அந்தத் தரையில்தான் விரிக்கின்றன. குழந்தைக்குச் சளி, இழுப்பு என்று மாத்திரைக்குப் போகும் காசு தனி. வாடகை ஏறுகிறதே தவிர பைப் மாறுவதில்லை.

இதைவிட மோசம் குடிநீர் லைனில் விழும் ஓட்டை. ஆற்றுத் தண்ணீர் இங்கே தினமும் வருவதில்லை. முறை வைத்து வருகிறது. தண்ணீர் வரும்போது ஓட்டை வழியாக வெளியே ஒழுகும். நின்றவுடன் பைப்பில் அழுத்தம் போய், மண்ணில் தேங்கிய அழுக்கு நீர் அதே ஓட்டை வழியாக உள்ளே வரும். தெரு லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுகிற வீடு பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். முதல் அரைமணி நேரம் கலங்கலாக வந்தால் “டேங்க் கழுவியிருக்காங்க” என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். தொடர்ந்து வந்தால் சந்தேகம் தரைக்குக் கீழே போக வேண்டும்.

மருந்து என்று விற்பவை

சுவர் பூத்ததும் ஊரில் செய்கிற முதல் வைத்தியம், மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். சுவருக்குள் ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழி அடைபட்டதால் அது இன்னும் மேலே ஏறும். இரண்டு வருடத்தில் நாலாவது அடியில், டைல்ஸுக்கு மேலே பூக்கும். எபாக்ஸி, தண்ணீர் புகாத பெயின்ட் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஒழுக்கு நிற்காதவரை சுவரில் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

இரண்டாவது வைத்தியம், ஓட்டையில் கிளாம்ப் போடுவது, எம்-சீல் அப்புவது, அல்லது ஒரு முழத் துண்டை வெட்டிப் புதுத் துண்டு போடுவது. பழைய ஜி.ஐ. லைனின் நடுவில் புது ஜி.ஐ. துண்டைச் சேர்த்தால் பெரும்பாலும் புதுசுதான் முதலில் உளுக்கும். துருவேறிய பழைய இரும்புக்கு முன்னால் பளபளப்பான புது இரும்பு தன்னைக் கரைத்துக்கொண்டு பழையதைக் காப்பாற்றும். போன வருடம் மாற்றிய துண்டு இந்த வருடம் போய்விட்டது என்று பிளம்பரைத் திட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பித்தளை வால்வை நேரடியாக ஜி.ஐ.யில் திருகினாலும் இதே வினைதான்.

மூன்றாவது, இப்போது வீட்டுக்கு வீடு விற்கும் வாட்டர் சாஃப்ட்னர். தலைமுடி கொட்டாது, குழாய் வெள்ளை படியாது என்று விற்கிறார்கள். பக்கெட்டில் படியும் வெள்ளை கால்சியம். பைப்பைத் தின்பது குளோரைடு. இரண்டும் வேறு. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைக் கொடுக்கிறது, குளோரைடைத் தொடுவதில்லை. பைப்பின் உட்சுவரில் படிந்து ஓரளவு காத்துக்கொண்டிருந்த சுண்ணாம்புப் படலமும் கரைய ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் பைப் உள்ள வீட்டுக்குப் பரவாயில்லை. பழைய ஜி.ஐ. வீட்டுக்கு அது நல்லதா என்று இரண்டு முறை யோசிக்க வேண்டும். சாஃப்ட்னரைக் கழுவ மூட்டை உப்பு கரைக்கிறார்களே, அந்தக் கரைசல் எங்கே போகிறது? ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் உப்பு நீர் எங்கே போகிறது? சுவரோரத் தென்னை மரத்துக்கு. சாயப்பட்டறைக்கு விதித்த கழிவு வெளியேற்றத் தடை வீட்டுக்கு இல்லை என்பதால் நாம் நம் கடக்காலுக்கே கழிவை விடுகிறோம்.

சரி, என்னதான் செய்வது? முதலில் எந்த லைன் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போடுங்கள். காலையில் கீழே இறங்கியிருந்தால் தொட்டியிலிருந்து வரும் லைன். சம்ப்பிலும் இதேபோல. இரண்டும் இறங்கவில்லை, சுவர் மட்டும் நனைகிறது என்றால் பாத்ரூம் கழிவு லைனில் கொஞ்சம் கலர்த் தூளைக் கரைத்து ஊற்றிப் பாருங்கள். திருப்பூர்க்காரருக்குக் கலர்த் தூள் எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்ரூம் தரையைப் பள்ளமாக விட்டு செங்கல் சல்லி கொட்டியிருப்பார்களே, அந்தச் சல்லிதான் பல வீடுகளில் ரகசியத் தொட்டி. டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் குளியல் தண்ணீர் அங்கே மாதக்கணக்கில் தேங்கும்.

ஒழுகுவது ஜி.ஐ. லைன் என்று தெரிந்தால் என் யோசனை இது: தரைக்குள் அதைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு முனையிலும் டம்மி போட்டுச் செத்த லைனாக விட்டுவிட்டு, புது லைனை வெளிச்சுவரில் ஏற்றுங்கள். குளிர்ந்த தண்ணீருக்கு யு.பி.வி.சி., ஹீட்டருக்கு சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்பில் ஈயக் கலவையைப் படிப்படியாக நீக்க மத்திய அரசு 2021-லேயே விதி கொண்டுவந்திருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஈயம் இல்லை என்ற குறிப்பும் உள்ள பைப்பாகப் பார்த்து வாங்குங்கள். மேஸ்திரி ஒத்துக்கொள்வார். வீட்டுக்காரர்தான் எலிவேஷன் கெட்டுவிடும் என்பார். வெளியே தெரிகிற பைப்பில் ஒழுகினால் அன்றைக்கே தெரியும், அரை மணியில் முடியும். தெரியாத பைப்புக்கு வீட்டையே உடைக்க வேண்டும்.

சுவரைத் தொடுவது அதற்குப் பிறகு. ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கழுவினால் மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கொட்டியதைக் கூட்டி அள்ளி வெளியே போட வேண்டும். பிறகு சும்மா விட வேண்டும், ஒரு கோடை முழுக்க. விருந்தாளி வந்தால் அசிங்கம்தான். அதைத் தாங்கிக்கொள்ள முடியாமல்தான் பல வீடுகளில் இரண்டாம் வாரமே சிமென்ட் பூசி, பட்டி அடித்து, மறுபடி ஆரம்பத்துக்குப் போகிறார்கள். காய்ந்த பிறகு பூசுவது சுண்ணாம்புக் கலவையாக இருந்தால் சுவர் மூச்சு விடும். நம் தாத்தன் காலத்து ஓட்டு வீடுகள் சாணி மெழுகிய தரையும் சுண்ணாம்புச் சுவருமாக இருந்தன. ஈரம் வந்தது, வந்த வழியே போனது. தரை முழுக்க விட்ரிஃபைடு டைல்ஸ் போட்டு அடைத்தபின் ஈரத்துக்கு மிஞ்சிய ஒரே வழி சுவர்.

வீட்டோடு தறிக்குடோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நூல் அறுகாமல் இருக்கக் கோடையில் குடோன் தரையில் தண்ணீர் தெளிப்பது வழக்கம். தறிக்கு அந்த ஈரம் வேண்டும். ஆனால் குடோனுக்கும் வீட்டுக்கும் ஒரே நடுச்சுவர் என்றால் அந்தப் பக்கம் தெளிப்பது இந்தப் பக்கம் பூக்கும். ஒழுக்கே இல்லாத வீட்டில் பிளம்பரை வரவழைத்துத் தரையை உடைப்பதற்கு முன்பு, தெளிக்கும் வாளியை ஒரு மாதம் நடுச்சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

கான்கிரீட் நாளுக்கு முன்பு

இனிமேல் கட்டப்போகிறவருக்குச் சில சொற்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் கான்கிரீட் விதி ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது. குடிநீருக்கான விதி ஐ.எஸ். 10500, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1,000 மில்லிகிராம் வரை குடிக்கலாம் என்று விட்டுக்கொடுக்கிறது. அதாவது மனிதன் குடிக்கச் சம்மதித்த தண்ணீரைக் கம்பி குடிக்கச் சம்மதிப்பதில்லை. மாடு குடிக்கிறதே என்ற வாதம் இங்கே அடிபட்டுப்போகிறது. கம்பியில் ஏறும் துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்து கான்கிரீட்டைப் பிளக்கும். அதற்குப் பிறகு பில்லரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும்.

கடக்கால் தோண்டும் முன்பே தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். தனியார் ஆய்வகங்களும் இருக்கின்றன. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, தேங்கிய தண்ணீர் போன பிறகு, சுத்தமான இரண்டு லிட்டர் கேனில் அதே தண்ணீரால் அலசிப் பிடிக்க வேண்டும். எண்ணெய், கூல்டிரிங்ஸ் பாட்டில் ஆகாது. பி.எச்., மொத்த உப்பு, குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆர்.ஓ. மெக்கானிக் சட்டைப்பையில் வைத்திருக்கும் பேனா மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும். அதில் குளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

குளோரைடு 500-க்கு மேலே வந்தால் கான்கிரீட் போடும் நாட்களுக்கும் கியூரிங்குக்கும் ஆற்றுத் தண்ணீர் லாரி வைத்துக்கொள்வதுதான் வழி. கட்டடச் செலவில் அது எந்த மூலைக்கு? லாரித் தண்ணீர் என்றால் எந்தக் கிணற்றில் பிடித்தது என்றும் கேட்டுவிடுங்கள். தோட்டத்துக் கிணற்றில் பிடித்ததையும் ஆற்றுத் தண்ணீர் என்று இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பேஸ்மட்டத்தில் சுவர் ஏறும் இடத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு போடச் சொல்லி மேஸ்திரியிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பெல்ட் போட்டாச்சு, அதுவே போதும் என்பார். பெல்ட் கான்கிரீட் வேறு, ஈரத்தடுப்பு வேறு. பைப் போட்டு மூடுகிற அன்று, மூடுவதற்கு முன்பு, ஒவ்வொரு அறையிலும் சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரிகிற மாதிரி டேப் வைத்து செல்போனில் படம் எடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் ஃபைலில் ஒரு பிரதியைப் போட்டு வையுங்கள். பிளம்பர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாலும் லைன் எங்கே போகிறது என்று அது சொல்லும்.